மரணத்தை வரைந்த ஹோல்பைன்

திருவனந்தபுரத்தில் அச்சுப்படம் என்றவுடன் இரவி வர்மாவின் நினைவே எழும். அவர் 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகம் தேவ உருவங்களை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. அதற்கு மூன்றரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஐரோப்பிய ஓவியர் ஒருவர், அதே அச்சுக்கலையால் மரணத்தின் உருவத்தை மக்கள் கையில் கொடுத்தார். அவர் வரலாறு பௌத்தர் அறியத்தக்கது.

ஹான்ஸ் ஹோல்பைன் செருமானிய நாட்டு ஆக்சுபர்க் நகரில் 1497ஆம் ஆண்டளவில் பிறந்தார். தந்தையும் தமையனும் ஓவியர்களே. இளமையிலேயே சுவிட்சர்லாந்தின் பாசல் நகரை அடைந்து, நூல் அச்சிடுவோர்க்குப் படம் வரைந்து வாழ்ந்தார். அந்நகரத் துறவிமடம் ஒன்றின் இடுகாட்டுச் சுவரில், மரணம் பல நிலை மாந்தரையும் கைப்பற்றி ஆடிச்செல்லும் பழைய ஓவியம் இருந்தது. அக்கருத்தையே ஹோல்பைன், உள்ளங்கையினும் சிறிய மரக்கட்டைகளுக்கென வரைந்தார். அவற்றைச் செதுக்கிய லுட்சல்பர்கர் 1526இல் இறந்தார். நூலை அவர் காணவில்லை. 1538இல் பிரான்சின் லியோன் நகரில் 41 படங்களுடன் அது வெளிவந்தது. ஓவியர் பெயரும் அதில் இல்லை.

எலும்புக்கூடாய் வரும் மரணம் பேரரசனின் முடியைப் பற்றுகிறது. கையூட்டுப் பெறும் நீதிபதியின் கோலைப் பறிக்கிறது. செல்வனின் காசை அள்ளுகிறது. முதிய உழவனுக்கோ ஏர்க்குதிரைகளை ஓட்டித் துணைசெய்கிறது. தொலைவில் கதிரவன் சாய்கிறான். ஏழைக் குடிலில் தாய் அடுப்பருகே இருக்க, குழந்தையைக் கைப்பிடித்து அழைத்தேகுகிறது.

பின்னர் ஹோல்பைன் இங்கிலாந்து சென்று எட்டாம் ஹென்றி மன்னனின் ஓவியரானார். 1543இல் இலண்டனில் மறைந்தார். கொள்ளைநோயே காரணம் என்பர். அவர் கல்லறை இருந்த இடம் அறியப்படவில்லை.

ஆதிமனிதரின் பாவத்தால் மரணம் வந்தது என்னும் கிறித்துவக் கொள்கையை ஒட்டியது அவர் படவரிசை. பிறப்பே மரணத்திற்கு ஏது என்பது புத்த பெருமான் அறிவுறுத்திய சார்பு. ஆதலின் அப்படங்கள் நமக்கு அச்சமூட்டுவன அல்ல. மரணத்தை இடையறாது நினைக்கும் பயிற்சிக்குத் துணையாவன.

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்திலும் இவ்வுண்மை உண்டு. அங்கே நால்வருணத்தார்க்கும் வெவ்வேறு சமாதிகள் எழுந்துள்ளன. ஆயின் அவ்விடத்தை நிரப்பிய கூற்றுவன் தவத்தோர் என்றும் செல்வர் என்றும் பாலகர் என்றும் வேறுபாடு கண்டானல்லன். திருவிதாங்கூரில் 1936ஆம் ஆண்டுப் பிரகடனம் வரும்வரை நம் முன்னோர்க்குக் கோயில் வாயில் அடைபட்டிருந்தது. இன்றும் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சாதிக்கொரு சுடுகாடு உள்ளது. இப்பிரிவினைகள் மனிதர் செய்தவை. மரணம் செய்தவை அல்ல.

மரணம் இறுதியில் காட்டும் சமத்துவத்தை வாழும்போதே கைக்கொள்வதே தம்மம். இறந்தபின் வரும் சமத்துவம் எவர்க்கும் பயன்படாது. உபாசகர் இல்லந்தோறும் இச்சிந்தனை நிலைபெறுக.