ஐயம் கடந்த கவிஞர் பனாரசிதாசர்

நற்காட்சியின் எட்டு உறுப்புகளுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது ஐயமின்மை. ஐயமே தோன்றாத உள்ளம் எனச் சிலர் இதற்குப் பொருள் கொள்வர். தோன்றிய ஐயத்தை மறைக்காமல் ஆராய்ந்து தெளிந்தவனுக்கே அவ்வுறுப்பு உறுதியாக வாய்க்கும் என்பதை ஒரு வணிகரின் வாழ்க்கை நமக்கு உணர்த்துகிறது. அவர் முகலாயர் காலத்தில் வாழ்ந்த கவிஞர் பனாரசிதாசர்.

விக்கிரம ஆண்டு 1643இல் கோமதி நதிக்கரையிலுள்ள ஜௌன்பூரில், ஸ்ரீமால் குலத்தைச் சார்ந்த சுவேதாம்பரக் குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தை கரக்சேனர் இரத்தின வணிகர். விக்கிரமாஜித் என்பதே குழந்தைக்கு முதலில் இட்ட பெயர். காசிமாநகரில் பார்சுவநாதர் ஆலயத்தில் வழிபட்டபோது, அங்கிருந்த பூசாரியின் சொற்படி பனாரசி எனப் பெயர் மாற்றினர்.

இளமையில் பானுசந்திர முனிவரிடம் கல்வி பயின்றார். ஆயினும் மனம் ஒருவழி நில்லாது அலைந்தது. ஒரு மந்திரத்தை ஓராண்டுக் காலம் மறைவாகச் செபித்தால் வாயிலில் நாள்தோறும் ஒரு பொற்காசு கிடைக்கும் என்று ஒரு துறவி கூற, அவ்வாறே செய்து ஏமாந்தார். பின்னர் ஒரு யோகி சங்கு ஒன்றைக் கொடுத்து, இதுவே சதாசிவன், இதனைப் பூசித்தால் எல்லாம் கைகூடும் என்றார். பனாரசி அதனையும் நம்பி, வீட்டாரும் அறியாமல் நாள்தோறும் பூசித்து வந்தார். இங்கே குறை எந்தச் சமயத்தையும் சார்ந்ததன்று. பொருள் வேண்டிச் செய்யும் பக்தியின் குறையே அது.

1605ஆம் ஆண்டு அக்டோபரில் அக்பர் பேரரசர் மறைந்தார். செய்தி ஜௌன்பூரை எட்டியதும் ஊரே நடுங்கிற்று. கடைகள் அடைபட்டன, செல்வர்கள் பொருளைப் புதைத்தனர். மாடிப்படியில் அமர்ந்திருந்த பனாரசி செய்தி கேட்ட அதிர்ச்சியில் கீழே விழுந்து மண்டை உடைந்தார். உடல் தேறிய பின், ஒருநாள் தனித்திருந்து சிந்தித்தார். தாம் விழுந்தபோது அச்சங்கு ஏன் காக்கவில்லை என்ற வினா எழுந்தது. அன்றோடு அப்பூசையை விட்டார். அக்காலத்திலேயே, சிற்றின்பம் மிகுந்த ஆயிரம் பாடல்கள் கொண்ட தம் நூலையும், பொய்யுரைகள் நிறைந்தது என்று வருந்தி, நண்பர்கள் திகைத்து நோக்கக் கோமதி ஆற்றில் எறிந்தார். பின்னர் ஜினாலயம் செல்வதும் விரதம் காப்பதும் அவரது நாள் ஒழுக்கமாயின.

வணிகத்தில் அவருக்கு நற்காலம் வாய்க்கவில்லை. ஆக்ராவில் முதலை இழந்து, கச்சோரி விற்பவரிடம் கடன் சொல்லிப் பல மாதங்கள் உண்டு வாழ்ந்த நாள்களும் உண்டு. மூன்று திருமணங்கள் செய்தார். பிறந்த ஒன்பது மக்களையும் ஒருவர்பின் ஒருவராக இழந்தார்.

1623ஆம் ஆண்டளவில் கைராபாத்தில் அரத்மல் என்னும் அன்பர், சமயசாரத்திற்கு இராஜமல்லர் இயற்றிய உரையை அவரிடம் அளித்தார். சமயசாரம் ஆசாரியர் குந்தகுந்தரின் அருள்நூல். அப்பெருமானின் திருவடிகளையே வந்தவாசியை அடுத்த பொன்னூர் மலையில் நாம் இன்றும் வணங்கி வருகிறோம். ஆன்மா தன்னியல்பில் தூயது, வினையும் உடலும் அதற்கு வேறானவை என்னும் நிச்சய நயத்தை அதில் கற்ற பனாரசிதாசர், படிக்கட்டில் ஏறாமலே மாடியை அடைந்துவிட்டதாக எண்ணினார். ஆன்மா தூயதாயின் செபம் எதற்கு, பிரதிக்கிரமணம் எதற்கு என்ற ஐயம் தலையெடுத்தது. நாள்வழிபாடுகளைக் கைவிட்டார், திருமேனிக்குப் படைத்த நைவேத்தியத்தையும் உண்டார். நண்பர் மூவருடன் அறையைத் தாழிட்டுக்கொண்டு, ஆடை களைந்து, நாமும் பற்றற்ற முனிவர்களே என்று கூறிக் கூத்தாடினார். இல்லறத்தாரும் துறவியரும் இழிபெயர் சூட்டி அவரைப் பழித்தனர். பழிப்புரை அவரை மாற்றவில்லை. சடங்கைத் துறந்தவருக்கு அதனிடத்தில் வைப்பதற்கு வேறொன்றும் கிட்டவில்லை என்பதே அந்நாளைய அவரது துயரம்.

இந்நிலை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது. 1635ஆம் ஆண்டளவில் ரூப்சந்த் என்னும் பண்டிதர் ஆக்ராவுக்கு வந்து, ஓர் ஆலயத்தில் தங்கிக் கோம்மடசாரத்தை விரித்துரைத்தார். அது நேமிசந்திர சித்தாந்த சக்கரவர்த்தி சாமுண்டராயர் பொருட்டு அருளிய நூல். ஆன்மா குணஸ்தானம் என்னும் பதினான்கு படிகளில் ஏறுகிறது. எப்படியில் நிற்கிறானோ அப்படிக்குரிய ஒழுக்கமே அவனவனுக்கு உரியது என்று பண்டிதர் விளக்கினார். நிச்சய நயமும் வியவகார நயமும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல, ஒரே பொருளை இருநிலையில் நின்று நோக்குவன என்பது அப்போது பனாரசிதாசருக்குத் தெளிவாயிற்று. ஐயம் அகன்றது. கண்டனத்தால் ஆகாத செயல் பொறுமையான விளக்கத்தால் ஆயிற்று.

அத்தெளிவின் கனியாக 1636இல் ஆக்ரா நண்பர்களின் துணையுடன் சமயசார நாடகத்தை மக்கள் மொழியில் இயற்றினார். 1641இல் தம் ஐம்பத்தைந்தாம் வயதில் அர்த்தகதானகம் என்னும் தன்வரலாற்றை 675 பாக்களில் பாடினார். மனித ஆயுள் நூற்றுப்பத்து ஆண்டு எனக் கொண்டு, பாதி வாழ்வின் கதை என்று அதற்குப் பெயரிட்டார். மந்திரத்தால் ஏமாந்ததையும், அறைக்குள் ஆடியதையும், முதுமையிலும் தம்மை விடாத குறைகளையும் அதில் ஒளிக்காமல் எழுதினார். மறுபாதியை எழுத ஆயுள் இடந்தரவில்லை. அதன்பின் நெடுநாள் அவர் வாழவில்லை.

அவர் முன்னின்று வளர்த்த ஆக்ரா அத்யாத்ம நெறி பிற்காலத்தில் திகம்பர தேராபந்த மரபுக்கு வித்தாயிற்று. அதனினும் பெரிது அவர் விட்டுச் சென்ற படிப்பினை. இன்று நம் இல்லங்களில் இளைஞர்கள் பூசை எதற்கு, விரதம் எதற்கு என்று வினவுகின்றனர். அவ்வினாவை அடக்கினால் அது மறையாது. தாழிட்ட அறைக்குள் புகுந்துகொள்ளும். நம்பிக்கை ஒருவர்மீது சுமத்தக்கூடிய சுமையன்று. ஆன்மா தானே விரும்பி ஏறவேண்டிய படி அது. ஐயுறுவோரைப் பழிப்பவர் பலர் இருந்த ஆக்ராவில், நூலை விரித்து அருகமர்ந்து விளக்க ஒரு ரூப்சந்த் இருந்தார். நம் ஊர் ஆலயங்களிலும் அத்தகையோர் அமர்ந்திருத்தல் வேண்டும்.