அனுபவமில்லாத நிர்வாகி

புகழ்பெற்ற காற்பந்துக் கழகம் ஒன்றுக்கு யாரை நிர்வாகியாக நியமிக்கலாம்? பல்லாண்டு அனுபவம் உடையவரையா? இதுவரை எந்தக் கழகத்தையும் வழிநடத்தாத ஒருவரையா? 1945ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கழகம் இரண்டாம் வகையினரைத் தேர்ந்தெடுத்தது. அவர்தாம் மேட் பஸ்பி.

பஸ்பி 1909ஆம் ஆண்டு, ஸ்காட்லாந்தில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த சிற்றூரில் பிறந்தார். முதல் உலகப் போரில் தந்தையை இழந்தார். இளமையில் சுரங்கத்தில் உழைத்தவர், பின்னர் மான்செஸ்டர் சிட்டி, லிவர்பூல் ஆகிய கழகங்களுக்கு விளையாடிப் பெயர் பெற்றார். இரண்டாம் உலகப் போரின்போது படைவீரர்களுக்கு உடற்பயிற்சி அளித்தார். ஆயினும், ஒரு கழகத்தின் நிர்வாகியாக அவர் ஒரு நாளும் இருந்ததில்லை.

அப்போது மான்செஸ்டர் யுனைடெட் கழகம் இக்கட்டான நிலையில் இருந்தது. 1941இல் விழுந்த குண்டுகள் அதன் ஓல்டு டிராஃபர்டு விளையாட்டரங்கைச் சிதைத்திருந்தன. கடனும் மிகுந்திருந்தது. 35 வயதான பஸ்பி, கிடைத்த வாய்ப்பை அப்படியே ஏற்கவில்லை. ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது, வாங்குவது, விற்பது, பயிற்றுவிப்பது ஆகிய அனைத்தும் தம் பொறுப்பில் இருக்க வேண்டும் என நிபந்தனை விதித்தார். அக்காலத்தில் இத்தகைய முடிவுகளில் கழக இயக்குநர்களே பெரிதும் தலையிட்டனர். மேலும், மூன்றாண்டு ஒப்பந்தத்திற்கு மாறாக ஐந்தாண்டு ஒப்பந்தம் கேட்டார். கழகத் தலைவர் ஜேம்ஸ் கிப்சன் இணங்கினார்.

அந்த நம்பிக்கை வீண்போகவில்லை. 1948இல் கழகம் எஃப்.ஏ. கிண்ணத்தை வென்றது. 1952இல், 41 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் வெற்றியாளரானது. மூத்த ஆட்டக்காரர்களுக்கு வயது ஏறியபோது, பஸ்பி அனுபவமற்ற இளைஞர்களைத் துணிந்து களத்தில் இறக்கினார். டங்கன் எட்வர்ட்ஸ் 16 வயதிலேயே முதன்மைக் குழுவில் விளையாடினார். அந்த இளைஞர்கள் 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் லீக் பட்டத்தைப் பெற்றுத் தந்தனர்.

1958 பிப்ரவரி 6ஆம் நாள், மியூனிக் நகரில் பேரிடி விழுந்தது. குழுவினர் பயணம் செய்த விமானம் புறப்படும்போது விபத்துக்குள்ளானது. மாண்ட 23 பேருள் எண்மர் ஆட்டக்காரர்கள். எட்வர்ட்ஸும் அவர்களுள் ஒருவர். பஸ்பி மருத்துவமனையில் உயிருக்குப் போராடினார். துணை நிர்வாகி ஜிம்மி மர்ஃபி குழுவைத் தாங்கிப் பிடித்தார். உடல் தேறித் திரும்பிய பஸ்பி, புதிய குழுவொன்றைப் பொறுமையாக உருவாக்கினார். பத்தாண்டுகள் கழித்து, 1968இல், அக்குழு பென்ஃபிகாவை 4-1 எனத் தோற்கடித்து ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. அக்கிண்ணத்தை வென்ற முதல் இங்கிலாந்துக் கழகம் அதுவே.

1969இல் பஸ்பி பொறுப்பிலிருந்து விலகியபோது, பழைய கேள்வி மீண்டும் எழுந்தது. இம்முறையும் அனுபவமற்ற ஒருவரே தேர்வானார். அவர், பஸ்பியிடம் பயின்ற 31 வயது வில்ஃப் மெக்கின்னஸ். ஆனால், தொடக்கத்தில் அவருக்குத் தலைமைப் பயிற்றுநர் என்னும் பதவியே வழங்கப்பட்டது. பஸ்பி பொது நிர்வாகியாகக் கழகத்திலேயே நீடித்தார். பஸ்பிக்குக் கிடைத்த முழு அதிகாரமும் ஐந்தாண்டுக் கால அவகாசமும் மெக்கின்னஸுக்குக் கிடைக்கவில்லை. 1970 டிசம்பரில் அவர் அப்பொறுப்பை இழந்தார். பஸ்பியே சில மாதங்களுக்குக் குழுவை மீண்டும் வழிநடத்த நேர்ந்தது.

பஸ்பி 1994ஆம் ஆண்டு, தம் 84ஆம் வயதில் காலமானார். அனுபவமில்லாதவரும் சாதிக்கலாம் என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று. ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைத்தால், அதை நிறைவேற்றத் தேவையான உரிமையையும் காலத்தையும் சேர்த்தே கொடுக்க வேண்டும் என்பதையும் அது உணர்த்துகிறது.