வளைந்து கொடுத்த வாத்தியார்

யோகான்னு சொன்னதும் நம்ம மனசுல என்ன வருது? இன்ஸ்டாகிராம்ல ஒருத்தர் ரெண்டு காலையும் தூக்கிக் கழுத்துக்குப் பின்னாடி போட்டிருப்பார். நமக்கோ குனிஞ்சு ஷூ லேஸ் கட்டவே மூச்சு வாங்கும். இதெல்லாம் நமக்கு வராதுப்பான்னு ஸ்க்ரோல் பண்ணிட்டுப் போயிடுவோம். அப்படிப் போறவங்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. ஆளுக்கு ஏத்த மாதிரி யோகாவை மாத்திக் கொடுத்த ஒரு வாத்தியாரோட கதை இது. அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார். ஆனா ஒண்ணு, அவர் ஆரம்பத்துல இப்படி இல்லை!

1888 நவம்பர் 18 அன்று, இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் ஒரு வைணவக் குடும்பத்தில் பிறந்தார். சின்ன வயசிலேயே அப்பா இறந்துவிட, குடும்பம் மைசூருக்குப் போனது. பிறகு காசி வரை போய் சமஸ்கிருதம், தர்க்கம், ஆயுர்வேதம் என்று ஒவ்வொன்றாகப் படித்தார். கைலாச மலைப் பக்கம் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழரை வருஷம் யோகா கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார். படிப்பு முடிந்ததும் குரு கேட்ட தட்சிணை பணம் இல்லை. ஊருக்குப் போ, கல்யாணம் பண்ணு, யோகா சொல்லிக்கொடு, அவ்வளவுதான்.

கேட்க ஈஸியா இருக்குல்ல? 1920களில் யோகா கற்றுக்கொள்ள யாரும் க்யூவில் நிற்கவில்லை. அது சாமியார்கள் சமாச்சாரம் என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். இத்தனை சாஸ்திரம் படித்த மனிதர், குடும்பத்தைக் காப்பாற்ற ஹாசன் பக்கம் ஒரு காபித் தோட்டத்தில் மேஸ்திரி வேலை பார்த்தார். மனைவி நாமகிரியம்மாவின் புடவையில் ஒரு துண்டைக் கிழித்து இடுப்பில் கட்டிக்கொண்ட நாட்களும் உண்டு. கையில் டிகிரியோடு வேலை தேடி அலையும் சீனியர்களைப் பார்த்திருக்கிறோமே, கிட்டத்தட்ட அதே நிலைமை.

திருப்பம் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மூலமாக வந்தது. அவருடைய ஆதரவில் 1933இல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கியது. அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் இளவட்டப் பையன்கள். வேகமான, கடுமையான பயிற்சி. ஊர் ஊராகப் போய் மேடையில் செய்துகாட்டி, ஜனங்களை யோகா பக்கம் திருப்ப வேண்டிய பொறுப்பும் இருந்தது. வாத்தியார் கண்டிப்புன்னா அப்படி ஒரு கண்டிப்பு. அவர் எதிரே வந்தால் பையன்கள் நடுங்குவார்கள்.

இதை மறைச்சு எழுதினா கதை முழுமையாகாது. நாமகிரியம்மாவின் தம்பி ஒருவர், மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என்று அடிபட்ட நோஞ்சான் பையன், அத்திம்பேர் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். ஒருநாள் பலர் முன்னிலையில், கால்களை முன்னும் பின்னும் நேராக விரித்து உட்காரும் அனுமானாசனத்தைச் செய்யச் சொல்லிவிட்டார் கிருஷ்ணமாச்சாரியார். பையன் பயந்துபோய்ச் செய்தார். தொடைத் தசை கிழிந்து, ரொம்ப நாள் நடக்கவே கஷ்டப்பட்டார். அந்தப் பையன்தான் பின்னாளில் உலகம் கொண்டாடிய பி.கே.எஸ். ஐயங்கார். இதைச் சொன்னதும் அவரேதான். அத்திம்பேரைக் குரு என்று மதித்தார், ஆனால் அந்த வலியை மறைக்கவில்லை.

வெளிநாட்டுப் பெண் ஒருவர் கற்க வந்தபோதும் முதலில் முடியாது என்று மறுத்தார். மகாராஜா சொன்ன பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அவரையும் கண்டிப்பாகத்தான் நடத்தினார். ஆனால் கடைசியில் அவரைப் போய்ச் சொல்லிக்கொடு என்று அனுப்பியதும் இவர்தான். அந்தப் பெண் இந்திரா தேவி. ஹாலிவுட்டில் யோகா பள்ளி தொடங்கியவர்.

1940இல் மகாராஜா காலமானார். சுதந்திரத்துக்குப் பிறகு சமஸ்தானமே போனது, யோகசாலையும் மூடப்பட்டது. அறுபது வயசுக்கு மேல் திரும்பவும் முதலிலிருந்து! 1952இல் சென்னைக்கு வந்தார். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பெரிய வழக்கறிஞருக்கு உதவத்தான் அவரை அழைத்திருந்தார்கள்.

இங்கேதான் ஆள் மாறினார்னு எனக்குத் தோணுது. மைசூரில் எதிரே நின்றவர்கள் ரப்பர் மாதிரி வளையும் பையன்கள். சென்னையில் வந்தவர்களோ முதுகுவலிக்காரர்கள், தூக்கம் வராதவர்கள், வயசானவர்கள். இவர்களைப் பிடித்து வளைத்தால் உடைந்துவிடுவார்கள். அதனால் யோகாவையே வளைத்தார். கூட்ட வகுப்பு இல்லை, பெரும்பாலும் ஒருத்தருக்கு ஒரு வாத்தியார். முதலில் நாடி பார்ப்பார். என்ன வேலை, என்ன சாப்பாடு, எப்படித் தூக்கம் என்று விசாரிப்பார். குனிந்து தரையைத் தொட முடியலையா? முழங்காலை மடக்கிக்கோ. தரையில் உட்கார முடியலையா? நாற்காலியில் உட்கார். மூச்சை இழுத்துக்கொண்டே கையைத் தூக்கு, விட்டுக்கொண்டே இறக்கு. அசைவு மூச்சுக்குப் பின்னால் வர வேண்டும், முன்னால் ஓடக் கூடாது. மூச்சை வெளியே விடும்போது இதயத்துடிப்பு கொஞ்சம் குறையும். நிதானமாக விட்டால் மனசும் அடங்க ஆரம்பிக்கும். தியானத்துக்கு அதுதான் வாசல். அவர் தீவிர வைணவர். ஆனாலும் தன் தெய்வத்தை யார் மீதும் திணிக்கவில்லை. அவரவர் நம்பிக்கைக்கு ஏற்றதையே தியானிக்கச் சொன்னார்.

இப்போ நம்ம டிபார்ட்மெண்ட் சம்பந்தப்பட்ட மேட்டர். அவருடைய மகன் தேசிகாச்சார் ஒரு இன்ஜினியர்! அப்பாவின் யோகாவில் அவருக்குப் பெரிய ஆர்வம் இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஒருநாள் வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார். ஒரு கார் வந்து நின்றது. நியூசிலாந்துக்காரப் பெண்மணி ஒருவர் இறங்கி ஓடிவந்து, எழுபதைத் தாண்டிய ஆசாரமான அப்பாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார். பையனுக்கு ஷாக். விசாரித்தால், பல வருஷமாகத் தூக்கமில்லாமல் தவித்தவர் அவர். முந்தின ராத்திரிதான் மாத்திரை இல்லாமல் தூங்கியிருக்கிறார். இவ்வளவு பெரிய விஷயம் நம்ம வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கேன்னு தேசிகாச்சாருக்கு உறைத்தது. இன்ஜினியர் வேலையை விட்டுவிட்டு அப்பாவிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976இல் அப்பா பெயரில் சென்னையில் கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரத்தையும் தொடங்கினார்.

கடைசிக் காலத்தில் வாத்தியாருக்கே ஒரு பரீட்சை வந்தது. 96 வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையில் படுத்தபடியே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்குத் தானே வகுத்துக்கொண்டார். (இதை நாம காப்பி அடிக்க வேண்டாம், எலும்பு முறிஞ்சா டாக்டரிடம்தான் போகணும்!) இத்தனை வருஷம் மற்றவர்களுக்குச் செய்ததைத்தான் அவர் தனக்கும் செய்தார். இன்று இந்த உடம்பால் எது முடியும் என்று பார்த்து, அங்கிருந்து ஆரம்பித்தார். 1989 பிப்ரவரி 28 அன்று, நூறு வயதைத் தாண்டிக் காலமானார். கடல் தாண்டி ஒரு நாடும் போகாத அந்த மனிதரின் பாடம், மாணவர்கள் வழியாக உலகம் முழுக்கப் போய்விட்டது.

இன்னைக்கு ராத்திரி லேப்டாப்பை மூடினதும் நாற்காலியிலேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. மூச்சை இழுத்துக்கிட்டே கையை மெதுவாத் தூக்குங்க, விட்டுக்கிட்டே இறக்குங்க. ஆறு தடவை போதும். காலைக் கழுத்துல போடுறதை அப்புறம் பாத்துக்கலாம்.