மருத்துவர் ஐடா ஸ்கடர் அம்மையார்

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பெயரைக் கேளாத தமிழர் மிகச் சிலரே. அப்பெரும் நிலையத்திற்கு வித்திட்டவை ஓரிரவில் நேர்ந்த மூன்று மரணங்களாகும்.

ஐடா ஸ்கடர் 1870-இல் இராணிப்பேட்டையில் அமெரிக்கச் சமயத் தொண்டர் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். அமெரிக்காவில் பயின்ற ஐடா, நோயுற்ற தாயாரைப் பேணத் திண்டிவனம் வந்தார். இந்தியாவிலேயே தங்கிவிட அவருக்கு எண்ணமில்லை.

ஓரிரவு பிராமணர் ஒருவரும், இசுலாமியர் ஒருவரும், வேறோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராக வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு ஐடாவை வேண்டினர். அவரோ மருத்துவம் கல்லாதவர். தந்தையாரை அழைத்துச் செல்லுங்கள் என மன்றாடினார். அயல் ஆடவர் பெண்களைப் பார்க்க அக்கால வழக்கம் இடந்தரவில்லை. பொழுது புலர்ந்தபோது மூன்று பெண்களும் மாண்டிருந்தனர். மருத்துவர் அருகிலிருந்தும் உயிர்கள் போயினவே! மருத்துவருக்காகக் காத்திருந்த இரவுகள் நம் தோட்டத்து மூதாட்டியர் பலருக்கும் நினைவிருக்கும்.

அன்றே ஐடாவின் உள்ளம் மாறிற்று. நியூயார்க்கில் பயின்று 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்றார், 1900-இல் திரும்பினார். 1902-இல் வேலூரில் 40 படுக்கைகளுடன் பெண்களுக்கான மருத்துவமனை எழுந்தது. ஆயினும் ஒருவரே எத்தனை ஊர்களுக்கு ஓட இயலும்? 1909-இல் தாதியர் பயிற்சிப் பள்ளியையும், 1918-இல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். பெண்கள் தேறுவரோ என ஐயுற்றோர் வியக்க, முதலாண்டுத் தேர்வெழுதிய மாணவியர் அனைவரும் தேறினர்.

சிற்றூர்களுக்கும் வண்டியில் சென்று, சாலையோர மரநிழலில் நோயாளரைக் கவனித்தார். மணம் புரியாது பணியாற்றிய அம்மையார், 1960-இல் கோடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் மறைந்தார்.