தனியே உலகைச் சுற்றியவர்

குட்டீஸ், 1844-ல் கனடாவில் பிறந்தவர் ஜோசுவா ஸ்லோகம். சிறு வயதிலேயே கடலுக்குப் போய், கேப்டனாகவும் உயர்ந்தார். நீராவிக் கப்பல்கள் பெருகியதும் பாய்மரக் கப்பல் கேப்டன்களுக்கு வேலை குறைந்தது.

அப்போது ஒரு நண்பர் கப்பல் தருவதாகச் சொன்னார். போய்ப் பார்த்தால், வயலில் கிடந்தது மட்கிப்போன கிழட்டுப் படகு! ஸ்லோகம் அசரவில்லை. 13 மாதம் உழைத்து, பலகை பலகையாக மாற்றினார். அதுதான் ‘ஸ்பிரே’. நீளம் சுமார் 37 அடி. ஆரணியிலிருந்து படவேடு வரும் பஸ் அளவுதான்!

1895 ஏப்ரலில் பாஸ்டனில் கிளம்பினார். வயது 51. நீச்சல் தெரியாது! இன்ஜின் இல்லை, ரேடியோ இல்லை. மணி பார்க்க ஒரு மலிவான தகரக் கடிகாரம். ஆனால், சுக்கானைக் கட்டிவிட்டால் ஸ்பிரே தானாகவே நேராகப் போகும். அவர் நிம்மதியாகத் தூங்குவார். 46 ஆயிரம் மைல் கடந்து 1898 ஜூனில் திரும்பினார். தனியே உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான்.

நம் கடற்படை வீரர் திலீப் தோண்டே 2009-10-ல் தனியே உலகைச் சுற்றிய ‘மாதேய்’ படகு 56 அடி. கோவாவில் கட்டியது. அதற்கு வழி சொல்ல செயற்கைக்கோள் உண்டு. ஆபத்தென்றால் கரைக்குப் பேசலாம். ஸ்லோகம் யாரைக் கூப்பிடுவார்?

1909-ல் அதே ஸ்பிரேயில் மறுபடி தனியாகக் கிளம்பினார். அவரும் திரும்பவில்லை, படகும் திரும்பவில்லை.