மாண்டலே சிறையில் ஒரு கர்மயோகி

மும்பை செம்பூரில் தமிழன்பர்கள் வாழும் பகுதிகளுள் ஒன்று திலக் நகர். அருகிலுள்ள பெரிய ரயில் முனையமும் லோகமான்ய திலகரின் பெயரையே தாங்கி நிற்கிறது. நாள்தோறும் நாம் உச்சரிக்கும் அப்பெயருக்கு உரியவரின் குணநலனைச் சற்றே சிந்திப்போம்.

பாலகங்காதர திலகர் 1856 ஜூலை 23 அன்று ரத்னகிரியில் அவதரித்தார். கணிதமும் சட்டமும் கற்றவர். எனினும் அரசுப் பதவியை நாடாது, 1880இல் நண்பர்களுடன் புனேயில் பள்ளி தொடங்கினார். மறு ஆண்டு 'கேசரி', 'மராட்டா' ஆகிய இதழ்கள் தோன்றின.

1908இல் 'கேசரி' கட்டுரைகளுக்காக அவர்மீது இராஜதுரோக வழக்குத் தொடரப்பட்டது. அவரைத் தம் அரசியல் குருவாகப் போற்றிய வ.உ.சிதம்பரனார் ஜூலை 7 அன்று திருநெல்வேலியில் தண்டனை பெற்றார். ஜூலை 22 இரவு, மும்பையில் குருவுக்கும் ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. விடிந்தால் அவருக்கு 52 வயது நிறைவு! உடலிலோ நீரிழிவு நோய்.

பர்மாவின் மாண்டலே சிறையில் தனிமை, கடும் வெப்பம். ஆனால் திலகர் காலத்தை வீணாக்கவில்லை. ஜெர்மன், பிரெஞ்சு, பாலி மொழிகளைப் பயின்றார். 1910-11 குளிர்காலத்தில், சில மாதங்களிலேயே, பென்சிலால் 'கீதா ரகசியம்' என்னும் பெருநூலை எழுதி முடித்தார். பலன் கருதாது கடமையாற்றுவதே கீதையின் சாரம் என்பது அந்நூலின் முடிவு.

எழுதியதை வாழ்ந்து காட்ட வேண்டிய சோதனையும் வந்தது. 1912இல் அவருடைய துணைவியார் சத்யபாமா புனேயில் காலமானார். இறுதியாக ஒருமுறை முகம் காணும் பேறும் அவருக்குக் கிட்டவில்லை. துயரம் ஆழமாகவே தாக்கியது. ஆயினும் மனம் கடமையிலிருந்து விலகவில்லை.

1914இல் விடுதலையானபோது கையெழுத்துப் பிரதி அரசின் வசமே இருந்தது. திரும்பக் கிடைக்காவிட்டால் நினைவிலிருந்தே மீண்டும் எழுதிவிடலாம் என அவர் அமைதியாக இருந்தார் என்பர். பிரதி திரும்பி வந்தது. 1915இல் நூல் வெளியாயிற்று. 1920 ஆகஸ்டு 1 அன்று மும்பையில் அவர் மறைந்தார்.

மேடையில் ஒளிரும் திறமையைக் கொண்டு ஒருவரை மதிப்பிடுவது எளிது. ஆனால் பாராட்ட ஒருவரும் இல்லாத தனிமையில், இழப்பின் நடுவில், அவர் என்ன செய்கிறார் என்பதே அவரது உண்மையான குணம். மாண்டலே சிறை திலகரின் குணத்தை நமக்குக் காட்டிற்று. நமக்கு வரும் சிறு துன்பங்களும் நம்மை நமக்கே காட்டும் கண்ணாடிகள் அல்லவா?