ஆல்பர்ட் ஸேபின்

இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிப்போன குழந்தைகள் நம் நாட்டுத் தெருக்களில் ஒரு காலத்தில் சர்வ சாதாரணம். அந்நோயை விரட்டிய சொட்டு மருந்தைத் தந்தவர் டாக்டர் ஆல்பர்ட் ஸேபின் என்பதை யாவரும் அறிவர். தாம் அரண் செய்த ஒரு பிழையைத் தாமே இடித்தவர் அவர் என்பதைச் சிலரே அறிவர். இதனையே அவரது வாழ்க்கையின் பெருமையாக நாம் கருதுகிறோம்.

ஸேபின் 1906-இல் அந்நாள் ருஷிய சாம்ராஜ்யத்தைச் சேர்ந்த பியாலிஸ்டாக் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1921-இல் பெற்றோருடன் அமெரிக்கா சென்றார். முதலில் பல் வைத்தியம் பயின்று, பின்னர் அதைக் கைவிட்டு, 1931-இல் நியூயார்க்கில் வைத்தியப் பட்டம் பெற்றார்.

போலியோக் கிருமி மூக்கின் வழியே நுழைந்து நரம்பின் மார்க்கமாகவே மூளையை அடைகிறதென்பது அக்காலத்துப் பண்டிதர்களின் தீர்ப்பு. 1936-இல் ஸேபினும் ஆலிட்ஸ்கி என்ற அறிஞரும் அக்கிருமி நரம்புத் திசுவில் மட்டுமே வளர்வதாகக் கண்டபோது இத்தீர்ப்பு மேலும் வலுப்பெற்றது. குரங்கின் நரம்புகளில் பல முறை வளர்த்துப் பழக்கிய கிருமியையே அவர்கள் எடுத்துக்கொண்டனர் என்பதே இதிலுள்ள குறை. பழக்கி வைத்த சாட்சியை நம்பினால் வழக்கு என்னவாகும்? 1937-இல் கானடாவின் டொரான்டோ நகரில் ஆயிரக்கணக்கான குழந்தைகளின் மூக்கில் துத்தநாக மருந்தைத் தெளித்தார்கள். நோய் நிற்கவில்லை, சிலர் வாசனை அறியும் சக்தியை இழந்ததுதான் கண்ட பலன்.

ஸேபின் பிடிவாதம் பிடிக்கவில்லை. இந்நோயால் மாண்டவர்களின் சடலங்களை வார்டு என்பவருடன் சேர்ந்து சோதித்தார். கிருமி குடலில் இருந்தது, மூக்கில் இல்லை. 1941-இல் இம்முடிவை வெளியிட்டார். ஹார்ஸ்ட்மன் என்ற பெண்மணியும் போடியனும் தனித்தனியே ஆராய்ந்து, கிருமி இரத்தத்திலும் உலவுவதை 1952-இல் காட்டினர். உண்மை துலங்கிற்று. அசுத்த நீராலும் கையாலும் கிருமி வாய்க்குள் புகுகிறது. தொண்டையிலும் சிறுகுடலிலும் பெருகி, நிணநீர்க் கணுக்களைக் கடந்து இரத்தத்தில் கலக்கிறது. பெரும்பாலோரிடம் அத்துடன் அடங்கிவிடும். நூற்றில் ஒருவருக்கும் குறைவானவரிடமே அது முதுகுத்தண்டை எட்டி, தசைகளை இயக்கும் நரம்பணுக்களை அழிக்கிறது. அவ்வணுக்கள் மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. உணர்ச்சி இருக்கும்; அசைவு இராது. சுவாசத் தசைகள் செயலற்றால் உயிருக்கே ஆபத்து.

குடலே பகைவனின் பாசறையென்றால் காவலையும் அங்கேயே வைக்கவேண்டுமென ஸேபின் துணிந்தார். வீரியம் குறைத்த கிருமியைத் தாமும் உட்கொண்டு, தம் குடும்பத்தாருக்கும் கொடுத்தார். 1959-இல் சோவியத் நாட்டில் சூமக்காவ் என்ற அறிஞரின் முயற்சியால் ஒரு கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு அம்மருந்து வழங்கப்பட்டது. பகைமை பாராட்டிய இரு வல்லரசுகள் குழந்தைகளின் பொருட்டு ஒத்துழைத்தன! ஸேபின் தம் மருந்துக்குக் காப்புரிமை கோரவில்லை. வீரியம் குறைத்த கிருமியும் மிக அரிதாக வீரியம் பெற்றுவிடுவதுண்டு என்ற குறையை நாம் மறைக்கவேண்டியதில்லை. எனினும் அம்மருந்து காத்த கால்கள் கோடானுகோடி.

1993-இல் ஸேபின் காலமானார். 2011 ஜனவரியில் வங்காளத்தின் ஹௌரா ஜில்லாவில் ஒரு பெண் குழந்தையைத் தாக்கியதே இந்தியாவில் இக்காட்டுக் கிருமியின் கடைசித் தாக்குதல். 2014-இல் நம் தேசம் போலியோ அற்றதென்று சான்று பெற்றது.

தாம் சொன்னது தவறென்று கண்டதும் அதைத் திருத்திக்கொள்ளும் துணிவு பண்டிதருக்கு மட்டும் உரியதன்று. பொதுவாழ்வில் ஈடுபட்டோருக்கும் அது இன்றியமையாதது. பிழையான கொள்கையைக் கௌரவத்துக்காகக் கட்டிக் காப்பவர் அதற்கு விலை கொடுப்பதில்லை; டொரான்டோவில் கொடுத்தவர்கள் குழந்தைகளே.